இரவல் கிமோனோவில் ஒரு விரல் மஞ்சள்

சனி, ஏப்ரல் 11

மழை, பிறகு ஆலங்கட்டி, பிறகு வெயில். எல்லாம் ஒரே பஸ் பயணத்தில்.

கிமோனோ வந்துவிட்டது. தட்டையான அட்டைப்பெட்டி, மேலே இரண்டு குப்பைப் பை சுற்றி, என் மடியில். ஒரு பெண் பக்கத்தில் உட்கார வந்தார். அவருடைய குடையிலிருந்து சொட்டியது. எழுந்துவிட்டேன். எங்கள் ஊர் ரண்டர்ஸ் வரை நின்றபடி.

தந்தவர் கிர்ஸ்டன் (இனிமேல் கி.). பல் வைத்தியர். வீட்டில் நாற்பதுக்கு மேல் ஜப்பானியக் கிமோனோக்கள், எல்லாம் பழையவை. ஒன்றைக்கூட உடுத்திப் பார்த்ததில்லையாம். ஓவியத்தை யாரும் உடுப்பதில்லையே என்றார். நூலகத்து மெட்டெதான் எங்களை அறிமுகப்படுத்தினார். எங்கள் நூலகத்தில் ஒரு சுவரை ஊரிலுள்ள சேகரிப்பாளர்களுக்கு இரண்டு வாரம் கொடுப்பார்கள். போன மாதம் கோப்பி அரைக்கும் பழைய கை இயந்திரங்கள். 25ஆம் தேதியிலிருந்து நான். என்னுடையவை மூன்று, கி.யின் இரவல் ஒன்று. நடுவில் அது.

கறுப்புப் பட்டு. தோளிலும் முதுகிலும் ஐந்து வெள்ளைக் குடும்ப முத்திரைகள். இடுப்புவரை வெறும் கறுப்பு, கீழ் ஓரத்தில் மட்டும் ஓவியம்: கம்புகளில் கூம்பாகக் கட்டிக் காயவிட்ட மீன்வலைகள், அவற்றின் மேலே சின்னக் கடற்பறவைகள். கையால் வரைந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணும் தெரிகிறது. உள்ளே ஓரத்தில் இன்னொரு மடிப்பாக வெள்ளைப் பட்டு. 1930களாக இருக்கலாம் என்கிறார் கி.

கி.யின் சட்டங்கள்:
- கை கழுவித் துடைத்துக் காயவேண்டும். கையுறை வேண்டாம், நூல் சிக்கும்.
- மோதிரம், வளையல், வாசனைத் தைலம் இல்லை.
- வெயில் இல்லை.
- தண்ணீர் இல்லை. (இதை இரண்டு தரம் சொன்னார்.)

படிவத்தில் இரவல் வாங்குபவர்: நான். பெற்றோர் கையெழுத்து: அப்பா. காலையில் கார் பொனெற்றில் வைத்து வாசிக்காமல் போட்டார்.

வீட்டில் அப்பா ஒரு தரம் குனிந்து பார்த்தார். அப்பா மயிலிட்டிக் கடற்கரையில் பிறந்தவர். உப்பிடி வலை காயப்போட்டால் காத்துக்கு ஒரு நாளும் நிக்காது என்றார். அது ஓவியம் அப்பா என்றேன். ஓவியக்காரன் கடலுக்குப் போகேல்லை என்றார்.

இதைத் தமிழில் எழுதுவது ஏனென்றால் இந்த டென்மார்க் பள்ளியில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். எனவே புத்தக அலுமாரிக்குப் பின்னால்.

ஞாயிறு, ஏப்ரல் 12

காற்று. குப்பைத் தொட்டி இரண்டு தரம் விழுந்தது.

என்னுடையவற்றுக்குக் குறிப்பு அட்டை எழுதும் வேலை.

1. கறுப்பு அரைக் கோட்டு. வெளியே ஒன்றுமில்லை, உள்ளே படகுகள். இரண்டாங்கைக் கடையில் குளியலங்கிகளோடு தொங்கியது. குறை: கழுத்தில் எண்ணெய்.
2. ஊதா, அம்பின் இறகு வடிவம். ஸ்கீவ ஊரின் பழைய சாமான் சந்தை. குறை: உள்துணி கழன்றது.
3. சிறுமியின் சிவப்புக் கிமோனோ. தோளில் தையல் மடிப்பு இன்னும் பிரிக்கப்படவில்லை. பிள்ளை வளர வளரப் பிரித்து நீட்டுவதற்காக. அந்தப் பிள்ளை வளர்வதற்குள் உடுப்பது நின்றுவிட்டது. பிறந்தநாளுக்குக் கிடைத்தது. குறை: இல்லை. (இருந்தாலும் சொல்லமாட்டேன்.)

4. கி.யின் கறுப்பு. அட்டை டேனிஷில் 140 சொல். மெட்டெ 80 போதும் என்கிறார். எதை வெட்டுவது?

பின்னேரம் பிரெடெரிசியாவிலிருந்து சின்னம்மா போன். அம்மா சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில். இரவல் கிமோனோ பற்றி அம்மா சொன்னதும் சின்னம்மா முதலில் நிறம் கேட்டார். பிறகு:

"அக்கா, அது ஆரின்ரை உடுப்பு? உடுத்த ஆள் இருக்கோ, செத்திட்டோ? வருசம் பிறக்கப்போகுது, கறுப்பைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்."

அம்மா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டார். பிறகு என் அறை வாசலில் நின்று, அந்தப் பொம்பிளை உயிரோடை இருக்கிறாவோ என்று கேட்டார். 1930 என்றால் எப்படி இருப்பார், அம்மா என்றேன். நான் திரும்பியும் பார்க்கவில்லை. அட்டையில் 97ஆம் சொல்லில் இருந்தேன்.

செவ்வாய், ஏப்ரல் 14

புத்தாண்டு. 4 பாகை. வெயில் பொய்யான வெயில்.

காலை ஐந்தரைக்கு எழுப்பித் தலையில் மூலிகை அவித்த மருத்துநீர். குளிப்பு. சுவாமிப் படத்துக்கு முன்னால் எல்லாருடைய புது உடுப்பும் அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு விரல் மஞ்சள். மஞ்சள் படாமல் புது உடுப்பு உடம்பில் ஏறாது, இது எங்கள் வீட்டுச் சட்டம். என் ஜீன்ஸில் பொக்கற்றின் உள்பக்கம், நான் கெஞ்சியபடியால்.

பிறகு பள்ளி, எந்த நாளையும் போல. கணிதப் பயிற்சிப் பரீட்சை. போஸ்டரை மெட்டெ நூலகத்தின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார், கி.யின் கறுப்பின் படத்தோடு. என் வகுப்பு ஒலிவர் அதைப் பார்த்துவிட்டு, குளியலங்கி ராணிக்கு வணக்கம் என்று கதவைத் திறந்து பிடித்தான். நன்றி சொல்லி உள்ளே போனேன். அதற்கு எல்லாரும் இன்னும் கூடச் சிரித்தார்கள்.

அம்மாவுக்குப் பின்னேர வேலை. பாற்புக்கை, வடை மேசையில் மூடி. என் தலையில் இன்னும் மருத்துநீர் மணம்.

புதன், ஏப்ரல் 15

எழுத முடியுமா தெரியவில்லை.

பள்ளியால் வந்து கை கழுவி, துடைத்து, காயவிட்டு, பெட்டியைத் திறந்தேன். தொங்கவிடும் தடியின் நீளத்துக்காகக் கிமோனோவின் கைகளை அளக்கவேண்டும். மெல்லிய தாள் நான் மடித்தபடி இல்லை.

உள்ளே, கீழ் மூலையில், வெள்ளைப் பட்டில், மஞ்சள். ஒரு பெருவிரல். ரேகைகூடத் தெரிகிறது.

அம்மா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். மறைக்கவில்லை. தலையை வாரிக்கொண்டே சொன்னார்.

"ஓம், நான்தான் வைச்சனான். செத்த ஆளின்ரை சீலை வீட்டுக்கை வந்தால் சும்மா விடேலுமே? அதுவும் வருசத்தண்டு, உன்ரை அறையிலை, உன்ரை தலைமாட்டிலை. ஒரு பொட்டுத்தான். உள்பக்கம். ஆர் பார்க்கப்போகினம்?"

கி. பார்ப்பார் என்றேன். கி.க்கு வேலையே உள்பக்கம் பார்ப்பதுதான்.

அம்மா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கழுவினால் போகாதோ என்றார், மெதுவாக. பஸ் வந்துவிட்டது.

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே யாராவது இறந்தால் கடைசி உடுப்பு மாற்றுவது பெரும்பாலும் அம்மாதான், மற்றவர்களுக்குக் கை நடுங்கும் என்பதால். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் நேரே குளியலறை. குளிக்குமுன் எங்களைத் தொடமாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

சாப்பிடவில்லை.

வியாழன், ஏப்ரல் 16

என்னை யாராவது தடுத்திருக்கவேண்டும். வீட்டில் யாரும் இல்லை.

டேனிஷ் வீட்டுக்குறிப்பு இணையப் பக்கம் ஒன்றில்: எல்லாக் கறைக்கும் பழுப்புச் சவர்க்காரம். இந்த நாட்டு வீடுகளில் கழுவுதொட்டிக்குக் கீழே எப்போதும் இருக்கும் போத்தல். எங்கள் வீட்டிலும் இருந்தது. ஒரு துளி. காது துடைக்கும் பஞ்சுக் குச்சி.

இரண்டு செக்கன்.

மஞ்சள் சிவப்பானது. குங்குமம் மாதிரி இல்லை, இரத்தம் மாதிரி.

ஏழாம் வகுப்பில் சிவப்பு முட்டைக்கோவாச் சாற்றை வைத்து அமிலம், காரம் பரிசோதனை செய்தோம். மஞ்சளும் காரத்தில் சிவக்கும் என்று பாடப்புத்தகத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அந்தப் பெட்டியையும் வாசித்தவள் வகுப்பிலேயே நான் ஒருத்திதான்.

பயத்தில் தண்ணீர். ஈரப் பஞ்சு, பிறகு இன்னும் ஈரம். தண்ணீர் பட்டில் ஓடியது, நிற்கவில்லை. காய்ந்த பிறகு ஐந்து குரோனர் காசளவு வளையம், பழுப்பு விளிம்போடு. வளையம் கறுப்பைத் தொட்ட இடத்தில் கறுப்புக் கசிந்து சாம்பலாகி வெள்ளைக்குள் வந்திருக்கிறது.

நேற்று: அம்மாவின் மஞ்சள், ஒரு விரல்.
இன்று: என் சிவப்பு, என் வளையம், என் சாம்பல்.

பெட்டியை மூடிவிட்டேன். அம்மா கேட்டபோது, பார்க்கவில்லை, நேரம் இல்லை என்றேன்.

வெள்ளி, ஏப்ரல் 17

மூடுபனி. பாலம் தெரியவில்லை.

மெட்டெயின் மின்னஞ்சல்: உள்ளூர்ப் பத்திரிகை ஒரு படம் கேட்கிறது. கறுப்புக் கிமோனோவோடு நான் நிற்கலாமா? வியாழன் வரை பொறுக்கச் சொன்னேன். காரணம்: பரீட்சை. (பொய் 2. முதலாவது அம்மாவுக்கு.)

நூலகத்தில் மூன்று மணி நேரம். துணிப் பராமரிப்புப் புத்தகம் ஒன்று, ஆங்கிலத்தில், தடித்தது. தெரிந்தவை:

அ. மஞ்சளின் நிறம் வெயிலில் அழியும். கழுவிப் போகாதது வெளிச்சத்தில் போகும்.
ஆ. பட்டும் வெளிச்சத்தில் அழியும்.
இ. தண்ணீர் வளையம் பற்றி: "அனுபவமுள்ளவரிடம் கொடுக்கவும்."
ஈ. ஜப்பானில் நல்ல கிமோனோக்களை மஞ்சளில் தோய்த்த பருத்தித் துணியில் சுற்றி வைப்பார்களாம், பூச்சி வராமல்.

ஈ.யை வாசித்தபோது கிட்டத்தட்டச் சத்தம் போட்டேன். கி.க்குச் சொல்லவேண்டிய பேச்சை மனதுக்குள் முழுக்க எழுதிவிட்டேன்: ஜப்பானியரும் மஞ்சள், நாங்களும் மஞ்சள், இரண்டு பண்பாடு, ஒரு வேர்க்கிழங்கு. பத்து நிமிடம் மகிழ்ச்சி. பிறகு யோசித்தேன். அவர்கள் மஞ்சள் போட்டது சுற்றுகிற துணியில். கிமோனோவில் இல்லை. அதற்கு மேல் சவர்க்காரமும் போடவில்லை.

சனி, ஏப்ரல் 18

அ. உண்மையா என்று பார்க்கவேண்டும். ஊதாக் கிமோனோவின் கழன்ற உள்துணியிலிருந்து நான்கு துண்டு வெட்டினேன். வெள்ளை மூன்று, ஊதாக் கரையோடு ஒன்று. என் சேகரிப்பில் நானே கத்தரி வைத்தேன். அது என்னுடையது.

ஏ: மஞ்சள் மட்டும்.
பி: மஞ்சள், சவர்க்காரம்.
சி: மஞ்சள், சவர்க்காரம், தண்ணீர்.
டி: ஊதாக் கரைத் துண்டு, ஒன்றும் இல்லை. பாதியை அட்டையால் மூடியது.

என் யன்னல் தெற்குப் பக்கம். வைத்தேன். உடனே மேகம்.

ஞாயிறு, ஏப்ரல் 19

மேகம். மேகம். தமிழ்ப் பள்ளியில் வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள், சொல் "காத்திரு". என்னுடையது: வெயிலுக்காகக் காத்திருக்கிறேன். டீச்சர், டென்மார்க்கிலை எல்லாரும் அதைத்தான் எழுதினம் என்றார்.

அம்மா யன்னலில் துண்டுகளைக் கண்டு கேட்டார். பள்ளி வேலை என்றேன் (பொய் 3). அம்மா ஏ துண்டைத் தூக்கி மோந்து பார்த்தார். மஞ்சள் மணம் அம்மாவுக்குத் தெரியாதா? அதே இடத்தில் வைத்துவிட்டார். அரை மணி கழித்து நான் கேட்காத தேநீர் ஒன்று மேசைக்கு வந்தது.

திங்கள், ஏப்ரல் 20

நாள் முழுக்க வெயில். ஒரு துண்டு மேகம் இல்லை. வகுப்பில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

முடிவு, பிற்பகல் 3.40:
ஏ: மஞ்சள் அநேகமாய்ப் போய்விட்டது.
பி: சிவப்பு வெளிறிப் பழுப்பு.
சி: நிறம் வெளிறியது, வளையம் அப்படியே.
டி: அட்டையை எடுத்தேன். மூடியிருந்த பாதிக்கும் திறந்திருந்த பாதிக்கும் நடுவே ஒரு கோடு. மெல்லியது. ஆனால் கோடு.

அப்படியென்றால் கி.யின் கிமோனோவை வெயிலில் வைத்தால் மஞ்சளும் போகும், கறுப்பும் போகும். வைக்கமுடியாது. இரண்டு மணி நேரம் வைத்தால்? மூலையை மட்டும்? மற்றதை மூடி? பெட்டியைத் தூக்கி யன்னல்வரை கொண்டுபோனேன். மூடியைத் திறக்கவில்லை. திரும்ப வைத்தேன். இதை இரண்டு தரம் செய்தேன்.

கி.யின் செய்தி: வெள்ளிக்கிழமை தொங்கவிட நானும் வருகிறேன். ஒன்றாகச் செய்வோம்.

ஒன்றாக.

செவ்வாய், ஏப்ரல் 21

அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். காரில், கடைக்குப் போகும்போது. காரில் சொல்வது சுகம், அப்பா ரோட்டைப் பார்க்கவேண்டும்.

அப்பா கார் நிறுத்தும் இடத்தில் போனை எடுத்துத் தேடினார். இதே மாதிரி ஒன்று நெற்றில் வாங்கேலாதோ என்றார். காட்டினார். கறுப்புக் கிமோனோ, மீடியம், பொலியெஸ்டர், இடுப்புப் பட்டி இலவசம். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. அப்பா போனை மடியில் வைத்தார்.

"சரி, நான் எண்டு சொல்லு. மஞ்சளும் நான், சவர்க்காரமும் நான். எனக்கு அந்த மனிசியைத் தெரியாது, என்னை என்ன செய்யப்போறா? அம்மாவின்ரை பேரை மட்டும் எடுக்காதை."

உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன், பத்து நிமிடம், தயிர் வரிசையில் நின்றுகொண்டு. அப்பா ஏன் என் அறைக்குள் மஞ்சளோடு வந்தார்? கி. நம்பமாட்டார். நம்பினாலும் எனக்குத் தெரியும்.

சொல்லாமல் விட்டால் வெள்ளி அவரே காண்பார். என் பக்கத்தில் நின்றபடி.

புதன், ஏப்ரல் 22

கி.க்கு எழுதினேன். ஏழு தரம். முதலாவதில் பண்பாடு பற்றி இரண்டு பந்தி. மூன்றாவதில் மன்னிப்பு ஒன்பது தரம். ஏழாவது மட்டும் இப்படி: வெள்ளைப் பட்டின் மூலையில் கறை இருக்கிறது. மஞ்சள். நான் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டேன், மோசமாகிவிட்டது. இது நடந்து ஒரு வாரம். உங்களிடம் முன்பே சொல்லவில்லை.

மதிய இடைவேளை 11.50, கழிப்பறையில் வைத்து அனுப்பினேன். 12 மணிக்குப் பதில் இல்லை. 1 இல்லை. ஜெர்மன் பாடத்தில் போன் அதிர்ந்தது. பல் வைத்தியசாலை. என்னுடைய வருடாந்தப் பரிசோதனை ஞாபகமூட்டல். வேறு வைத்தியசாலை, வேறு வைத்தியர்.

3.55: நாளை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எதையும் தொடவேண்டாம்.

அம்மாவுக்குச் சொன்னேன். கறையை எழுதிவிட்டேன், கி. வருகிறார் என்று. சவர்க்காரம் பற்றியும் சொன்னேன். அம்மா நாளைய வேலையை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டார். பிறகு வீட்டைக் கூட்டத் தொடங்கினார், அலுமாரிக்குப் பின்னால்கூட. (இந்தக் கொப்பியை நல்லவேளை முதலே எடுத்துவிட்டேன்.)

வியாழன், ஏப்ரல் 23

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதவேண்டும், மறக்குமுன்.

கி. ஐந்துக்கு இரண்டு நிமிடம் முன்பு. சப்பாத்தைக் கழற்றினார். அம்மா றோல்ஸ், கேக், தேநீர், கோப்பி எல்லாம் வைத்திருந்தார். கி. எதையும் தொடாமல் கை கழுவும் இடம் கேட்டார். சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. பெட்டியை அவரே திறந்தார்.

பையிலிருந்து எடுத்தது வேலைக்கண்ணாடி, பல்லைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு, நெற்றியில் விளக்கோடு. அதைப் போட்டுக்கொண்டு மூலையைப் பார்த்தார். நிறைய நேரம். அம்மா நின்றார், நான் நின்றேன், அப்பா சமையலறை வாசலில் கையில் துணியோடு நின்றார்.

யார் மஞ்சள் வைத்தது என்று கேட்டார். அம்மா, தன்னுடைய டேனிஷில், நான் என்றார். ஏன் என்றார் கி., கண்ணாடியைக் கழற்றாமல். அம்மா சொன்னார். இறந்த ஒருவருடைய உடுப்பு, மகளின் அறை, வருடப் பிறப்பு. அங்கங்கே சொல் கிடைக்கவில்லை, நான் எடுத்துக் கொடுத்தேன். தான் இறந்தவர்களுக்கு உடுப்பு மாற்றுகிறவர் என்பதையும் சொன்னார். அந்த டேனிஷ் வசனம் மட்டும் பிழையில்லாமல் வந்தது. வேலையில் சொல்லிப் பழகியது.

கி. சொன்னார்: "இது சாவுக்கான கறுப்பு இல்லை. கல்யாணத்துக்கான கறுப்பு. மணப்பெண்ணின் தாய் அன்று உடுப்பது. உங்கள் மகள் சொல்லவில்லையா?"

அம்மா என்னைப் பார்த்தார். தமிழில் கேட்டார்.

"கலியாணத்திலை பொம்பிளையின்ரை தாய் உடுக்கிறதே இது?"

ஓம் என்றேன். 140 சொல்லில் மெட்டெக்கு எழுதினேன், வகுப்பில் ஆறு நிமிடம் பேசினேன், அப்பாவுக்குக்கூட வலை பற்றிச் சொன்னேன். அம்மாவுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: உடுத்தவர் இருக்கமாட்டார்.

கி. திரும்பக் குனிந்தார். மஞ்சள் என்றால் பார்க்கலாம், இந்த வளையம்தான் மோசம், கறுப்பு கசிந்துவிட்டது, தண்ணீர் வைத்தது யார் என்றார். அவருக்குத் தெரியும், நான் எழுதியிருந்தேன். தண்ணீரைப் பற்றியும் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொல்லிவிட்டார்.

"அதுவும் நான்தான்."

பிழையான டேனிஷ் இல்லை. தெளிவாக. கையைக் கட்டிக்கொண்டு, கண் கி.யின் விளக்கில்.

இல்லை, நான் என்றேன். அம்மா தமிழில், பேசாமல் இரு என்றார். நான்தான் என்று டேனிஷில் திரும்பச் சொன்னேன். அப்பா வாசலில் தொண்டையைச் செருமினார், அவரும் வரப்போகிறார் என்று பயந்தேன்.

கி. விளக்கை அணைத்தார். என்னிடம்தான் பேசினார். கோபமாக இல்லை, அதுதான் பயம். உன் அம்மா மஞ்சள் வைத்தார், நான் கேட்ட உடனே சொன்னார். நீ தண்ணீர் வைத்தாய், எனக்குச் சொல்ல ஆறு நாள். அந்த ஆறு நாளில் நான் ஏதாவது செய்திருக்கலாம்.

கிமோனோவை எடுத்துக்கொண்டு போனார். துணி திருத்தும் ஒருவர் இருக்கிறாராம். சிவப்புக் குறையலாம். வளையம் போகாது.

றோல்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். அம்மா கடதாசியில் சுற்றிக் கொடுத்தது. வேண்டாமென்று சொல்லவில்லை.

வெள்ளி, ஏப்ரல் 24

தூறல்.

நடுத்தடி வெறுமை என்று மெட்டெக்குச் சொல்லத் தயாராகப் போனேன். கி. அங்கே இருந்தார், பெட்டியோடு. அம்மாவும் இருந்தார், கி. அழைத்தாராம், இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை.

புதிய இரவல்: சாம்பல் நிறம், மெல்லிய கோடு. நாள்தோறும் உடுக்கும் வகை. ஓவியம் இல்லை, முத்திரை இல்லை. உள்ளே இரண்டு இடத்தில் தைத்துத் திருத்தியது. இதில் கெடுக்க அதிகம் மிச்சம் இல்லை என்றார் கி. சிரிக்கவில்லை. மெட்டெ சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

படிவத்தில் இரவல் வாங்குபவர் என்ற இடத்தில் பேனாவை அம்மாவிடம் கொடுத்தார். என்னிடம் இல்லை. அம்மா முழுவதையும் வாசித்தார், பின்பக்கமும். வீட்டுக்கு வராதுதானே என்று கேட்டார். வராது, இங்கேயே இருக்கும் என்றார் கி. கையெழுத்துப் போட்டார், முழுப் பேர், வேலையில் போடுவது போல.

நானும் கி.யும் தொங்கவிட்டோம். கிமோனோவின் ஒரு கையை அவர் பிடித்தார், மற்றதை நான். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, போதும்.

பத்திரிகைக்காரர் என்னைச் சிவப்புச் சிறுமிக் கிமோனோவின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். நடுவில் இருப்பது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

சனி, ஏப்ரல் 25

திறப்பு. பதினாலு பேர், அதில் நாங்கள் மூவர். சிவப்புச் சிறுமிக் கிமோனோவுக்கு முன்னால் கூட்டம். கி. வந்தார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். ஊதாவின் உள்துணியில் வெட்டிய இடத்தைக் கண்டார். என்ன என்று கேட்டார். ஏ, பி, சி, டி சொன்னேன். டி.யின் கோட்டைப் பற்றி மட்டும் இரண்டாவது கேள்வி கேட்டார். பிறகு போய்விட்டார்.

அது நல்லதா? தெரியவில்லை.

திங்கள், ஏப்ரல் 27

வெயில், குளிர். பரீட்சைக்குப் பதினொரு நாள்.

பள்ளியால் நூலகம். சாம்பல் கிமோனோவுக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்தபடி அம்மா, மடியில் வேலைப் பை. பின்னேர வேலைக்கு முன்பு வந்தாராம். ஏன் என்று கேட்டேன். என்ரை பேரிலை இருக்கெல்லே, பாக்க வேணாமோ என்றார்.

பக்கத்தில் இருந்தேன். முதல் தரமாகத் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன்: எந்தப் பக்கம் மேலே வரவேண்டும், எது உயிரோடு இருப்பவருக்கு, எது இறந்தவருக்கு, கறுப்பு எதற்கு, சாம்பல் எதற்கு. பாதிச் சொல் வரவில்லை. அம்மா டேனிஷிலை சொல்லு என்றார். இல்லை, பொறுங்கோ என்று தேடிச் சொன்னேன்.

சாம்பல் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, சாதாரணம், திருத்தினது என்றேன்.

அம்மா எழுந்து கிட்டப் போனார். தொடவில்லை. தொங்கும் கையின் திறப்புக்குள் தலையைச் சரித்துப் பார்த்தார். உள்ளே தோள் மூட்டுக்குக் கீழே தைத்த இரண்டு இடமும்.

"இதை உடுத்தவவுக்கு ஒரு கை வழங்காது, அசைக்கேலாது, பிள்ளை. வழங்காத கையை உள்ளுக்கை விட்டு இழுக்கேக்கை இஞ்சைதான் பிரியும். எங்கடை இல்லத்து ஆக்களின்ரை நைற் உடுப்பெல்லாம் இந்த இடத்திலைதான் கிழியும். பார், மற்றக் கையிலை ஒண்டுமில்லை. இதை அவ தானாய் உடுக்கேல்லை. ஆரோ உடுத்திவிட்டிருக்கினம், ஒவ்வொரு நாளும்."

மற்றக் கையைப் பார்த்தேன். ஒரு தையலும் இல்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கையைப் பிடித்துத் தூக்கியவள் நான்.

அம்மா பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கி.க்கு எழுதலாமா என்று வாங்கில் இருபது நிமிடம். எழுதக்கூடாத நிலையில்தான் இருக்கிறேன். எழுதினேன், ஒரே தரம், திருத்தாமல்: சாம்பலை உடுத்தவருக்கு ஒரு கை வழங்கவில்லை என்று அம்மா சொல்கிறார். தையலிலிருந்து தெரிகிறதாம்.

பார்த்துவிட்டார் என்று காட்டியது. ஒன்றும் இல்லை. நகத்தைக் கடித்தேன். மெட்டெ நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்.

4.31, கி.: எந்தக் கை?